படுக்கைக்குக் கீழே தொங்கும் பை

இதய ஆபரேஷன் முடிந்து ஒரு குழந்தையை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தலைமாட்டில் ஒரு திரை. அதில் பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கித் துள்ளுகிறது. கூடவே 'பீப்... பீப்...' சத்தம். சினிமா பார்த்துப் பார்த்து இந்தத் திரை நமக்கெல்லாம் பழகிப்போனது. கோடு துள்ளினால் கதாநாயகன் பிழைத்துவிட்டான். கோடு படுத்துவிட்டால் சோகப் பாட்டு.

பணிக்கு வருகிற நர்ஸ் அக்கா அந்தத் திரையைப் பார்ப்பார். அப்புறம் குனிந்து கட்டிலுக்குக் கீழேயும் பார்ப்பார். சினிமாவில் காட்டாத ஒரு பொருள் அங்கே தொங்குகிறது. கோடு போட்டு அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் பை. கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாகக் குழந்தையின் சிறுநீர் அதில் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. மணிக்கு ஒருமுறை அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவர் நோட்டில் எழுதிவைப்பார்.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு கணக்குப் போடுவோம். நன்றாக இருக்கும் குழந்தைக்கு, எடையில் கிலோவுக்கு ஒரு மில்லி வீதம் ஒரு மணி நேரத்துக்குச் சிறுநீர் வந்தால் டாக்டர்களுக்கு நிம்மதி. 20 கிலோ எடை என்றால் 20 மில்லி, அதாவது நான்கு டீஸ்பூன். அது பாதியாகக் குறைந்து, பல மணி நேரம் அப்படியே நீடித்தால் ஐ.சி.யூ.வில் பரபரப்பு தொற்றிக்கொள்ளும்.

கத்தி பட்டது இதயத்தில். கிட்னியை யாரும் தொடவே இல்லை. அப்படியிருக்க, எல்லாரும் ஏன் கிட்னியைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்?

நம் முதுகுப் பக்கம், விலா எலும்பின் அடியில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் 150 கிராம் அளவுதான் இருக்கும். உடம்பின் எடையில் அரை சதவீதம்கூடத் தேறாது. ஆனால் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்த இரண்டுமே வாங்கிக்கொள்கின்றன. நாள் முழுவதும் 180 லிட்டர் நீரை வடித்தெடுத்து, அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, மிச்சம் ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்புகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. நெஃப்ரான் என்றால் ஒரு வடிகட்டியும் அதிலிருந்து வளைந்து நெளிந்து போகும் ஒரு நுண்குழாயும் சேர்ந்தது. வடிந்த நீரிலிருந்து உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரையும் மீட்டெடுக்கும் கடினமான வேலையைச் செய்வது இந்த நுண்குழாய்ச் சுவரில் உள்ள செல்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் ஏராளம்தான். ஆனால் அதன் உள்பகுதிக்குப் போய்ச்சேரும் ஆக்சிஜன் சாதாரண நாளிலேயே மிகக் குறைவு. அங்கே இருக்கும் செல்கள் எப்போதும் பற்றாக்குறையில்தான் வேலை பார்க்கின்றன. ரத்த ஓட்டத்தில் கொஞ்சம் தடுமாற்றம் வந்தாலும் முதல் அடி அவற்றுக்குத்தான்.

இதய ஆபரேஷனில் அந்தத் தடுமாற்றம் வராமல் இருக்காது. துடித்துக்கொண்டே இருக்கும் இதயத்தைத் திறந்து உள்ளே இருக்கும் ஓட்டையைத் தைப்பது மிகவும் சிரமம். அதனால் இதயத்தைச் சற்று நேரம் நிறுத்திவைக்கிறார்கள். அதுவரை ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குத் திரும்ப அனுப்பும் வேலையை ஒரு இயந்திரம் செய்யும். அதன் பெயர் இதய-நுரையீரல் இயந்திரம். அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர் 1953 மே 6 அன்று, 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்தில் இருந்த ஓட்டையை இந்த இயந்திரத்தின் துணையோடு மூடினார். அந்தப் பெண்ணின் இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலையை 26 நிமிடம் முழுக்க முழுக்க இயந்திரமே செய்தது. இன்று உலகம் முழுவதும் இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகள் ஆபரேஷன் முடிந்து பள்ளிக்குப் போவதற்கு அந்த 26 நிமிடம்தான் ஆரம்பம்.

எவ்வளவு நல்ல இயந்திரம் என்றாலும் அது இதயம் ஆகிவிடாது. இதயம் ரத்தத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். இயந்திரம் பெரும்பாலும் ஒரே சீராக அனுப்பும். குழாய்களில் ஓடும்போது சிவப்பணுக்கள் சில உடைகின்றன. அவற்றுக்குள் இருந்த இரும்பு ரத்தத்தில் கலந்து செல்களைத் தாக்குகிறது. பிளாஸ்டிக்கின்மேல் ரத்தம் பட்டதும் வெள்ளணுக்கள், ஏதோ அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று கிளர்ந்து எழுகின்றன. எல்லாமாகச் சேர்ந்து, பற்றாக்குறையில் இருந்த அந்த நுண்குழாய்ச் செல்களைப் பதம் பார்க்கின்றன. சில குழந்தைகளுக்குச் சிறுநீரகங்கள் சில நாட்களுக்கு வேலையைக் குறைத்துக்கொள்ளும். சிலருக்கு டயாலிசிஸ் வரைக்கும் போகும்.

எந்தக் குழந்தைக்கு இது வரப்போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பல காலமாக டாக்டர்கள் நம்பியிருப்பது கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையை. நம் தசைகள் நாள் முழுக்கச் சீராக வெளியிடும் கழிவு அது. சிறுநீரகங்கள் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அவை சுணங்கினால் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். நல்ல பரிசோதனைதான், ஆனால் தாமதமாகப் பேசும். உங்கள் தெருவில் குப்பை வண்டி இன்றைக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றே தெரு நாறிவிடாது. இரண்டு, மூன்று நாள் கழித்துக் குவியல் உயர்ந்த பிறகுதான், "அடடா, வண்டி வரவில்லையே!" என்று கவனிப்போம். கிரியேட்டினின் அந்தக் குவியல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சிறுநீரகங்களிடம் கையிருப்பு அதிகம். ஒன்றைத் தானமாகக் கொடுத்துவிட்டு மற்றதோடு நலமாக வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர். அதனால் ஒரு பகுதி செல்கள் அடிபட்டாலும் மற்றவை அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். ரத்தத்தில் எதுவும் தெரியாது. போதாததற்கு, ஆபரேஷனின்போது நரம்பு வழியாக ஏற்றும் திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்து கிரியேட்டினினைக் குறைத்துக் காட்டும். இதயம் தைக்கப்பட்டது திங்கட்கிழமை என்றால், சிறுநீரகம் அடிபட்ட செய்தி டாக்டருக்குக் கிடைப்பது புதன்கிழமை, சில சமயம் வியாழக்கிழமை.

அடிபட்ட செல்கள் எங்கே இருக்கின்றன? நுண்குழாய்ச் சுவரில். அந்தக் குழாயில் ஓடுவது எது? சிறுநீராகப் போகும் நீர். அப்படியானால் செய்தியை ரத்தத்தில் தேடுவானேன், சிறுநீரிலேயே தேடலாமே!

சிறுநீரைப் பார்த்து நோயை அறிய முயல்வது நேற்று வந்த யோசனை இல்லை. நம் சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்று இரண்டு முறைகள் உண்டு. நீர்க்குறியில் நிறம், மணம், நுரை, அடர்த்தி, அளவு ஆகியவற்றைக் கவனிப்பார்கள். நெய்க்குறியில் காலைச் சிறுநீரின்மேல் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் வடிவத்தைப் பார்ப்பார்கள். பாம்புபோல நீண்டால் வாதம், மோதிரம்போல வளைந்தால் பித்தம், முத்துப்போல நின்றால் கபம் என்பது அவர்களின் கணக்கு. ஐரோப்பாவிலும் இடைக்கால வைத்தியர்கள் கண்ணாடிக் குடுவையில் சிறுநீரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒருபடி மேலே போய், நீரிழிவுக்காரர்களின் சிறுநீர் தேன்போல இனிக்கிறது என்று எழுதிவைத்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். நீங்கள் நினைப்பது சரிதான்.

கண்ணுக்கும் மூக்குக்கும் (வில்லிஸின் நாக்குக்கும்) எட்டாத ஒன்றைத்தான் இன்றைய ஆய்வாளர்கள் தேடினார்கள். செல் அடிபட்டதும் அது வெளியிடும் புரதம் ஏதாவது உண்டா? இப்படி உடலுக்குள் நடப்பதைக் காட்டிக்கொடுக்கும் பொருளுக்குப் பயோமார்க்கர் என்று பெயர்.

கிடைத்த புரதத்தின் கதை கிட்னியில் தொடங்கவில்லை. 1993-இல் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் அதை வெள்ளணுக்களுக்குள் கண்டார்கள். அதற்கு வைத்த பெயர் மிக நீளம். எழுத்துகளைச் சுருக்கி என்.ஜி.ஏ.எல். என்கிறார்கள். பேச்சில் 'என்கால்'. (உங்கள் காலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) வெள்ளணு இதை ஏன் வைத்திருக்கிறது என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. பாக்டீரியா வளர இரும்பு வேண்டும். நம் உடலில் இருக்கும் இரும்பைத் திருட அது சிடரோஃபோர் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்பும். அவை இரும்பைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவிடம் திரும்பும். என்கால் செய்வது என்னவென்றால், திரும்பும் வழியிலேயே அந்தச் சிடரோஃபோரை இரும்போடு சேர்த்துக் கவ்விக்கொள்கிறது. பாக்டீரியா பட்டினி! திருடனிடமிருந்து திருடுகிற இந்தப் புரதம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

2003-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் பிரசாத் தேவராஜன், ஜெயா மிஸ்ரா ஆகியோரின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. எலிகளின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைச் சற்று நேரம் நிறுத்திவிட்டு, எந்தெந்த மரபணுக்கள் விழித்தெழுகின்றன என்று அவர்கள் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்றது என்கால். அடிபட்ட நுண்குழாய்ச் செல்கள் அதை அவசர அவசரமாகத் தயாரித்தன; சில மணி நேரத்திலேயே அது எலியின் சிறுநீரில் வந்து நின்றது. கிட்னி செல்லுக்கு அது எதற்கு? உடைந்த சிவப்பணுவிலிருந்து கொட்டிய இரும்பை நினைத்துப் பாருங்கள். ஆய்வக எலிகளுக்கு என்காலை ஊசியில் ஏற்றியபோது சிறுநீரகச் சேதம் குறைந்தது. செல் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அதைச் செய்கிறது என்று நினைக்க இது நல்ல காரணம்.

எலியிலிருந்து குழந்தைகளுக்கு வந்தார்கள். இதய-நுரையீரல் இயந்திரத்தின் உதவியோடு ஆபரேஷன் நடந்த 71 குழந்தைகளின் சிறுநீரை, ஆபரேஷன் முடிந்த 2 மணி நேரம் முதல் அடுத்தடுத்துச் சேகரித்தார்கள். 2005-இல் முடிவு வந்தது. 71 பேரில் 20 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. கிரியேட்டினின் அதைச் சொல்ல 1 முதல் 3 நாள் ஆனது. ஆனால் அந்த 20 பேரின் சிறுநீரில் என்கால் 2 மணி நேரத்திலேயே எகிறியிருந்தது. சராசரியாக லிட்டருக்கு 1.6 மைக்ரோகிராமாக இருந்தது 147-க்குப் போயிருந்தது. (ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்.) 50 மைக்ரோகிராமை எல்லைக்கோடாக வைத்துப் பார்த்தால், பாதிப்பு வந்த அத்தனை பேரையும் அது பிடித்துவிட்டது.

மருத்துவ உலகம் துள்ளிக் குதித்தது. எத்தனையோ ஆண்டுகளாகத் தேடியது கிடைத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு மருத்துவமனை, 71 குழந்தைகள். ஏற்கெனவே கிட்னிக் கோளாறு இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. வேறு ஊர்களில், வேறு டாக்டர்களிடம், பலதரப்பட்ட குழந்தைகளிடம் பார்த்தாலும் இதே விடை வருமா?

சிராக் பரிக் தலைமையில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 311 குழந்தைகளிடம் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டன. விடையைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு. என்னிடம் 100 ஜோடிக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குப் பாதிப்பு வரப்போகிறது, மற்றவருக்கு வராது. யாருக்கு என்கால் அதிகமோ அவரை நீங்கள் கைகாட்ட வேண்டும். சும்மா காசு சுண்டிப் போட்டுச் சொன்னாலே 50 முறை சரியாக வரும். சின்சினாட்டி ஆய்வின்படி 100 ஜோடியிலும் கிட்டத்தட்ட தவறே வராது. 311 குழந்தைகளின் ஆய்வின்படி? 71 முறை மட்டும்தான் சரி.

சின்சினாட்டிக்காரர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. சிறிய, கவனமாகத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் பளிச்சென்று தெரிவது பெரிய, கலவையான கூட்டத்தில் மங்கித் தெரிவது விஞ்ஞானத்தில் அடிக்கடி நடக்கும். எது பாதிப்பு என்று இரு குழுவும் வகுத்துக்கொண்ட அளவும் ஒன்று இல்லை. தவிர, என்கால் வெள்ளணுவிலும் இருக்கிறதல்லவா? எங்கேயோ கிருமித்தொற்று இருந்தாலும் அது ஏறும்.

எனக்கு இன்னொரு விஷயம் உறுத்துகிறது. யாருக்குப் பாதிப்பு வந்தது, யாருக்கு வரவில்லை என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னது யார்? அதே தாமதமான கிரியேட்டினின். என்கால் ஏறி, கிரியேட்டினின் ஏறாவிட்டால் 'என்கால் தவறு' என்று மதிப்பெண்ணைக் கழித்துவிடுகிறோம். செல்கள் உண்மையிலேயே அடிபட்டு, கையிருப்பு அதை மறைத்திருந்தால்? தவறு யாருடையது? இதை எப்படிச் சரியாக அளப்பது என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

100-க்கு 71 முறை சரி என்பது ஒன்றுமில்லாத எண்ணும் இல்லை. அந்த 311 குழந்தைகளில், ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த முதல் சிறுநீரில் என்காலும் இன்டர்லூக்கின்-18 என்ற இன்னொரு புரதமும் அதிகமாக இருந்தவர்கள் வென்டிலேட்டரில் அதிக நேரம் இருந்தார்கள், ஐ.சி.யூ.விலும் மருத்துவமனையிலும் அதிக நாள் தங்கினார்கள். சிறுநீரகத்தைப் பற்றி மட்டுமல்லாமல், மொத்தத்தில் குழந்தை எவ்வளவு சீக்கிரம் தேறும் என்பதைப் பற்றியும் அந்தச் சில துளிகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தன.

சிறுநீரில் பேசுகிற புரதங்கள் வேறு சிலவும் உண்டு. கிம்-1 என்று ஒன்று. அடிபட்ட நுண்குழாய்ச் செல்கள் இதைத் தங்கள் மேற்பரப்பில் முளைக்கவைக்கும். இதன் உதவியால், பிழைத்த செல்கள் பக்கத்தில் செத்துக் கிடக்கும் செல்களை விழுங்கிக் குழாயைச் சுத்தப்படுத்துகின்றன. இன்னும் இரண்டு புரதங்கள், 'ஆபத்து! இப்போதைக்குப் பிரிந்து பெருகாதே, பழுதை முதலில் சரிபார்' என்று செல்லை நிறுத்திவைக்கும் வேலையோடு தொடர்புடையவை. இவை இரண்டையும் சேர்த்து அளக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் 2014-இல் பெரியவர்களுக்காக அனுமதி கிடைத்தது.

சீக்கிரம் தெரிந்துவிட்டது. சரி, தெரிந்து என்ன செய்வது? ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் இதைத்தான் சோதித்தார்கள். இதய ஆபரேஷன் முடிந்து, சிறுநீரில் இந்த இரண்டு புரதங்களும் எல்லையைத் தாண்டியிருந்த 276 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றக் குழுவுக்குச் சிறுநீரகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கூடுதல் கவனிப்பு: ரத்த அழுத்தமும் திரவ அளவும் சரியாக இருக்கிறதா என்று நுணுக்கமாகப் பார்ப்பது, சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்வது, கிட்னிக்கு ஆகாத மருந்துகளைத் தள்ளிவைப்பது. புதிய மருந்து எதுவும் இல்லை. 2017-இல் வந்த முடிவு: வழக்கமான குழுவில் 100 பேருக்குச் சுமார் 72 பேர் பாதிக்கப்பட்டார்கள், கவனித்த குழுவில் 55 பேர். ஆனால் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

குழந்தைகளுக்கான என்கால் பரிசோதனைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 2023 டிசம்பரில். ஐ.சி.யூ.வில் இருக்கும் 3 மாதக் குழந்தை முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். அதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, மற்றச் சோதனைகளோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. 71 குழந்தைகளின் ஆய்வு வெளிவந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆய்வு வெளிவந்தபோது நான்காம் வகுப்புப் படித்த, 9 வயதுக் குழந்தை ஒன்று அந்த 71 பேரில் இருந்திருந்தால், அனுமதி கிடைத்தபோது அதற்கு 27 வயது ஆகியிருக்கும். அந்தப் பரிசோதனைக்கு வயது தாண்டிவிட்டது!

திடீரென்று அடிபட்ட சிறுநீரகத்தைக் குணமாக்கும் மருந்து என்று ஒன்று இன்றுவரை இல்லை. டயாலிசிஸ் செய்வது, செல்கள் தாமாகப் பெருகிக் குழாயைச் சீராக்கும்வரை கிட்னியின் வேலையைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வதுதான். ஆய்வகத்தில் எலிகளைக் காப்பாற்றிய பல மருந்துகள் மனிதர்களிடம் தோற்றுப்போயின. எலிக்கு மருந்து கொடுத்தது சேதத்துக்கு முன்போ, உடனடியாகவோ. மனிதருக்குக் கொடுத்தது கிரியேட்டினின் ஏறிய பிறகு, அதாவது இரண்டு நாள் கழித்து. தோற்றது மருந்தா, நேரமா? பழைய மருந்துகளில் சிலவற்றை மறுபடியும் எடுத்து, இந்த முறை இரண்டாவது மணி நேரத்திலேயே கொடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கலாம்.